சோடா மூடிக்குள் ஒரு பள்ளிக்கூடம்

மகன்,

நீ பெட்டி கட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாளை மறுநாள் உன் நிக்காஹ். நம் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். பெற்றவள் வாசலில் நின்று அனுப்பிவைக்க வேண்டும். நீயோ சட்டைகளையும் சாரன்களையும் ஒரு பைக்குள் திணித்து எறிந்துவிட்டு, சேர்த்து வைத்திருக்கிற பேட்ஜ்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பஞ்சில் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தாய். மிருகக்காட்சிசாலையில் வாங்கியது, நூதனசாலையில் வாங்கியது, ரயில் கண்காட்சியில் வாங்கியது, உன் கூட்டாளிகள் வெளிநாடுகளிலிருந்து அனுப்பியது. “என்ன மகன், பொண்ணு வீட்டுக்குத் தகரச் சீதனமா?” என்று கேலி செய்தேன். நீ நிமிர்ந்தும் பார்க்காமல், “உம்மா, உங்களுக்கு இதுட அரும விளங்காது” என்றாய். பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பந்தல்காரர் வந்து உன்னைக் கூப்பிட்டுவிட்டார். சொல்ல வந்ததை விட்டுவிட எனக்கு மனமில்லை.

நீ சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொன்ன சரித்திரத்தையெல்லாம் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அமெரிக்காவின் முதல் சனாதிபதி பதவியேற்றபோது ஆட்கள் பித்தளைப் பொத்தான்களைக் கோட்டில் தைத்துக்கொண்டு திரிந்தார்களாம். பிறகு தேர்தலில் நிற்கிறவரின் முகத்தைத் தகட்டில் படமாகப் பதித்து அணிந்தார்களாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற நேரத்தில்தான் இன்றைய வடிவம் வந்தது என்பாய்: ஒரு தகர வட்டம், அதன் மேல் அச்சடித்த கடதாசி, கடதாசியை மூடிக் கண்ணாடி போல ஒரு செலுலாயிட் தாள், எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கப் பின்னால் ஒரு வளையம், அந்த வளையத்துக்குள் வளைத்துச் செருகிய கம்பி ஊசி. மலிவு, இலேசு, எந்த நெஞ்சிலும் குத்தலாம். அதற்குப் பிறகு ராணியின் ஆட்சி விழாவா, கண்காட்சியா, சந்தையா, சர்க்கஸா, எங்கே கூட்டம் கூடினாலும் ஒரு பேட்ஜ். “நான் அங்க போனன் எண்டதுக்கு அத்தாட்சி உம்மா, அவ்வளவுதான் இதுட வரலாறு” என்று முடிப்பாய். அந்தக் கடைசி வசனத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஒருநாளும் வாதாடியதில்லை, இன்றைக்கு வாதாடப் போகிறேன். ஏனென்றால், மகன், உன் உம்மா ஒரு காலத்தில் பேட்ஜ் செய்தவள். அதை வைத்து ஒரு வகுப்பையே மீட்டெடுத்தவள்.

எழுபத்தெட்டாம் ஆண்டு சூறாவளியைப் பற்றி உனக்குத் தெரியும். அந்தக் காற்று ஓய்ந்து நாங்கள் வெளியே வந்து பார்த்தபோது, கல்முனையிலிருந்து கடற்கரை நெடுகத் தென்னை மரங்கள் எல்லாம் ஒரே திசையில் தலை வைத்துப் படுத்துக் கிடந்தன. எங்கள் பெண்கள் பாடசாலைக்குச் சுவர்கள் இருந்தன, கூரை இல்லை. விஞ்ஞான ஆய்வுகூடத்தில் ஒரு போத்தல் கூட முழுதாக மிஞ்சவில்லை. அப்போது நான் உயர்தர விஞ்ஞான வகுப்புக்குப் போக இருந்தவள். வகுப்புக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வீடு வாசல் இழந்து, சொந்தக்காரர் ஊர்களுக்குப் போய்விட்டார்கள். புது வருடம் பிறந்து பாடசாலை திறந்ததும் கல்வி அதிகாரி ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான், குரல் உயர்த்திப் பேசவில்லை. உடைந்த கண்ணாடிகளைச் சப்பாத்தால் ஒதுக்கிக்கொண்டே ஆய்வுகூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு எங்களிடம் சொன்னார்: “பிள்ளைகள், ஒரு வகுப்பு நடத்துவதற்கு நீங்கள் போதாது. கலைப் பிரிவுக்கு மாறிக்கொள்ளுங்கள். கவலைப்படாதீர்கள், அதுவும் நல்ல படிப்புத்தான்.”

எனக்குப் பக்கத்தில் நிஹாரா நின்றாள். சின்ன வயதிலிருந்தே என் கூட்டாளி. பயம் என்ற ஒன்றை அவளுக்கு யாரும் அறிமுகப்படுத்தியிருக்கவில்லை. “புள்ளயள் கூட வந்தா, சேர்?” என்று கேட்டாள். அதிகாரி சிரித்தார். “எங்கேயிருந்து வரப் போகிறார்கள்?” என்றார். எங்கள் பூமணி டீச்சர், காரைதீவிலிருந்து தினமும் வருகிறவர், மெதுவாகக் குறுக்கிட்டு, “சேர், பிள்ளைகள் ஒரு கண்காட்சி வைக்க யோசிக்கிறார்கள். அதற்கு நீங்கள் ஒருநாள் வர வேண்டும்” என்றார். அப்படி ஒரு யோசனை அந்த நிமிடம் வரை எங்கள் யாருக்குமே இருக்கவில்லை. அதிகாரி தலையாட்டினார். “கடைசி நாளுக்கு வருகிறேன். அதற்குள் வகுப்புக்குப் போதிய பிள்ளைகளைக் காட்டுங்கள். பிறகு பார்ப்போம்” என்றார். அவர் போனதும் பூமணி டீச்சர் எங்களைப் பார்த்து, “வாயத் தொறந்துட்டன். இனிக் கண்காட்சிய நீங்கதான் செய்யணும்” என்றார்.

கண்காட்சிக்குப் பொருளுக்கா பஞ்சம்? காற்று எங்களுக்கு வேண்டிய அளவு தந்துவிட்டுப் போயிருந்தது. பனைமரத்தில் துணி மாதிரிச் சுற்றிக்கொண்ட ஒரு கூரைத் தகரத்தை மரத்துண்டோடு அறுத்து எடுத்து வந்தோம். ஜேம் போத்தலில் காற்றழுத்தம் காட்டும் கருவி செய்தோம். வாளித் தண்ணீரைச் சுழற்றி, சூறாவளியின் கண் எப்படி அமைதியாக இருக்கிறது என்று காட்ட ஒரு மேசை. ஆனால் வீடு கட்டவே தகரம் தேடி அலைகிற சனம் இதைப் பார்க்க ஏன் வரப் போகிறது? பார்க்க வந்தாலும், படிக்கப் பிள்ளைகள் எங்கிருந்து வருவார்கள்? அதுதான் எங்களுக்கு விடை தெரியாத கேள்வி.

அந்த நேரத்தில் நிஹாராவின் சட்டையில் ஒரு பேட்ஜ் இருந்தது. கொழும்பு மிருகக்காட்சிசாலைக்குப் போய்வந்த அவளுடைய மச்சி கொடுத்தது. ஒரு யானை, தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அவள் அதைக் குத்திக்கொண்டு வந்த அன்று ஓர் இடைவேளைக்குள் பாடசாலை முழுவதும் அவளிடம் வந்துவிட்டது. “இது என்னகா?” “எங்க எடுத்த?” “அங்க என்னெல்லாம் இரிக்கி?” கேட்ட ஒவ்வொருத்திக்கும் அவள் யானையிலிருந்து குரங்கு வரைக்கும் முழு மிருகக்காட்சிசாலையையும் சுற்றிக் காட்டினாள், தான் ஒருநாளும் போயிராத இடத்தை. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மகன், நீ சொல்கிற அத்தாட்சி அங்கே எங்கே இருந்தது? பேட்ஜ் செய்த வேலை வேறு. முன்பின் தெரியாதவரையும் பக்கத்தில் வந்து கேள்வி கேட்க வைத்தது. கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. பதில் சொல்லத் தொடங்கினால் கதை பரவும். “நிஹாரா, எங்கட கண்காட்சிக்கும் இப்படி ஒண்டு செய்வம்” என்றேன்.

“எப்படிச் செய்யிற? கொழும்புல மெசின் வெச்சிச் செய்யிறாங்க” என்றாள்.

“முதல்ல அதக் கழட்டு. உள்ளுக்குள்ள என்ன இரிக்கி எண்டு பாப்பம்.”

பாவம், நம்பித் தந்தாள். நான் பேனாக் கத்தியால் பின்பக்க வளையத்தை நெம்பினேன். யானை ஒரு பக்கம், மூடியிருந்த தாள் ஒரு பக்கம், தகரம் ஒரு பக்கமாகப் பிரிந்து கைக்குள் விழுந்தது. மறுபடி பூட்டப் பார்த்தோம், பூட்டுப்படவில்லை. “ஒடச்சிப் போட்டாய், என்ன?” என்று நிஹாரா என் முகத்தையே பார்த்தாள். பிறகு அவளும் குனிந்து துண்டுகளைப் பார்த்தாள். “சோடா மூடி மாதிரித்தானே கா இரிக்கி!” என்றாள். அந்த வார்த்தைக்காக அவளுக்கு ஆயிரம் யானை செய்து கொடுக்கலாம்.

சோடா மூடிக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. உன் மூத்தாப்பா, என் வாப்பா, கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். கடைக்குள் அவர் ராசா. தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே ஊர் வழக்கு, உலக வழக்கு எல்லாம் தீர்த்து வைப்பார். ஆனால் காற்சட்டை போட்ட ஓர் உத்தியோகத்தர் முன்னால் வந்துவிட்டால் போதும், வாய் ஒட்டிக்கொள்ளும். “ஓம் சேர், சரி சேர்” என்பதைத் தவிர வேறெதுவும் வராது. வகுப்பு மூடப்படும் செய்தியைச் சொன்னபோதும், “அவங்க சொன்னா சொன்னதுதான் மகள். நாம என்ன செய்யிற?” என்றார். கோபித்துச் சொல்லவில்லை. என்னை விட அவர்தான் கவலைப்பட்டார். என்னை டாக்டராக்கிப் பார்க்கும் ஆசையைக் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தவர் அவர்.

மூடியின் உட்பக்கத்தைப் படச்சட்டமாக எடுத்துக்கொண்டோம். உள்ளே ஒட்டியிருக்கும் தக்கையைச் சுரண்டிவிட்டு, வட்டமாக வெட்டிய கடதாசியை வைத்து, அதன் மேல் கண்ணாடித் தாளை வைத்து, சுற்றியுள்ள பற்களைச் சுத்தியலால் உள்ளே மடித்துத் தட்டினால் பூவிதழ் மாதிரிப் பிடித்துக்கொண்டது. பின்பக்கத்தில் தோடம்பழச் சோடாவின் பெயர் அப்படியே இருக்கும். அதைக் கொஞ்சம் சுரண்டி, கடை அடுப்பில் சூடாக்கிய இரும்பால் ஈயம் உருக்கி ஒரு சேப்டிப் பின்னை ஒட்டினோம். என் கையில் அந்த ஈயம் சுட்ட தழும்பு இருக்கிறதே, நீ சின்ன வயதில் எண்ணெய் தெறித்ததாக்கும் என்று கேட்டது, அதுதான். படத்தை அச்சடிக்க நிஹாரா தன் இறப்பர்ச் செருப்பு ஒன்றின் அடியைப் பிளேட்டால் செதுக்கி முத்திரை செய்தாள். முதல் முத்திரையில் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி விழுந்தன. “இனி மத்தச் செருப்பும் போச்சு” என்று இரண்டாவதை எடுத்தாள். அதில் சரியாக வந்தது: கூரையில்லாத நான்கு சுவர், மேலே சூரியன், கீழே ஒரே ஒரு சொல், “இருக்கிறோம்”. பாடசாலைப் பெயர் எழுத இடம் போதவில்லை. அதுவும் நல்லதாய்ப் போயிற்று. பெயர் இல்லாததால்தான் ஆட்கள் கேட்டார்கள்.

கண்ணாடித் தாளுக்குத்தான் திண்டாட்டம். மெழுகுத் தாள் வைத்துப் பார்த்தோம், இரண்டு நாளில் மஞ்சளாகிச் சுருங்கியது. அப்போது ஆசுபத்திரியின் பின்பக்கத்தில் எக்ஸ்ரே படங்கள் குவிந்து கிடக்கின்றன என்று கேள்விப்பட்டோம். நிஹாராவும் நானும் போனோம். சூறாவளி வெள்ளத்தில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போன படங்களை ஓர் இளைஞர் வெயிலில் பிரித்துப் போட்டுக்கொண்டு நின்றார். எக்ஸ்ரே அறையில் வேலை பார்ப்பவர். விஷயத்தைச் சொன்னேன். அவர் என் நெஞ்சில் குத்தியிருந்த மூடியைக் குனிந்து பார்த்து, “இருக்கிறோம் எண்டா ஆரு?” என்று கேட்டார். நான் நின்ற இடத்திலேயே முழுக் கதையையும் சொன்னேன். பெரிய டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்து, “இதெல்லாம் ஊறிக் கெட்டுப்போன படம், எரிக்கத்தான் வெச்சிருக்கம். கொண்டு போங்க” என்று ஒரு கட்டைத் தூக்கிச் சைக்கிளில் வைத்துக் கட்டித் தந்தார். “சுடு தண்ணியில சோடாத்தூள் போட்டு ஊறப்போட்டாக் கறுப்புக் கழண்டு வந்திரும்” என்றும் சொல்லித் தந்தார். வீட்டில் தென்னந்தும்பால் தேய்த்தோம். யாரோ ஒருவருடைய விலா எலும்பும், யாரோ ஒருவருடைய முறிந்த கையும் கரைந்து போய், கீழே இலேசான நீல நிறத்தில் பளிங்கு போலத் தாள் வந்தது. அந்த எக்ஸ்ரே இளைஞர் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில வருடங்கள் கழித்துப் பெரியவர்கள் வழியாகப் பேச்சு வந்தபோது, “அந்தச் சோடா மூடிப் புள்ளயா? எனக்குச் சம்மதம்” என்று சொல்லி, இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தார். வந்த முதல் நாளிலேயே சமையலறைக்குள் நுழைந்து, “உம்மா, கிணத்துக் கப்பி சத்தம் போடுது, எண்ண எங்க?” என்று என் உம்மாவிடம் கேட்டவர் உன் வாப்பா. நீயும் பெண் வீட்டில் விருந்தாளியாகக் கதிரையில் உட்கார்ந்திருக்காதே. ஒரு வீடு நமதாவது அதற்குள் ஏதாவது ஒன்றைத் திருத்தும்போதுதான்.

கண்காட்சி தொடங்கியது. முதல் நாள் எங்கள் உம்மாமார் மட்டும்தான் வந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பேட்ஜ் குத்தி அனுப்பினோம். நான் வாப்பாவுக்கும் ஒன்று கொண்டுபோனேன். “என்ன மகள், சோடா மூடிய வீசுவாங்களா, நெஞ்சில குத்துவாங்களா?” என்றார். ஆனாலும் குத்திக்கொண்டார். அவ்வளவுதான், கடைக்கு வந்தவன் எல்லாம், சொந்த அண்ணனைக் கூப்பிடுவது போல, “என்ன காக்கா இது?” என்று கேட்கத் தொடங்கினான். வாப்பாவிடம் கேள்வி கேட்டால் போதாதா? தேத்தண்ணி ஆறிப்போகும் வரைக்கும் பதில் சொன்னார். அக்கரைப்பற்று பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுக் கண்காட்சிக்கு வந்தார்கள். மறுநாள் ஆண்கள் பாடசாலையிலிருந்து வந்தார்கள். மருதமுனையில் நெசவு நெய்கிற பெண்கள் கூட்டமாக வந்தார்கள். பேட்ஜ் முடிந்துபோயிற்று. “மூடி கொண்டு வாங்க, செஞ்சி தாறம்” என்று வாசலில் அறிவித்தோம். கடைத்தெருவில் ஒரு மூடி கூடக் கீழே கிடக்காத அளவுக்குப் பொறுக்கிக்கொண்டு வந்து கொட்டினார்கள். சேப்டிப் பின் இல்லாமல் போனபோது பெண்கள் முக்காட்டில் குத்தியிருந்த பின்னைக் கழற்றித் தந்துவிட்டு, முக்காட்டைக் கையால் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஊரே நெஞ்சில் “இருக்கிறோம்” என்று குத்திக்கொண்டு திரிந்தது. வீடு இழந்தவர்களும், தோணி இழந்தவர்களும், பிள்ளை இழந்தவர்களும் குத்தியிருந்தார்கள். அது எங்கள் வகுப்பின் சொல்லாக மட்டும் இருக்கவில்லை.

எல்லாம் சரி, படிக்க வருகிற பிள்ளைகள்? வந்த கூட்டத்தில் உயர்தர விஞ்ஞானம் படிக்கும் வயதும் தகுதியும் உள்ளவர்கள் ஒருவரிருவர்தான் கிடைத்தார்கள். கடைசி நாள் விடிந்தது. காலையில் நான் பாடசாலைக்குப் போகிற வழியில் பார்த்தால், வாப்பாவின் கடை பூட்டிக் கிடந்தது. என் வாழ்நாளில் பெருநாள் தவிர்ந்த ஒரு நாளில் அந்தக் கடை பூட்டி நான் கண்டதில்லை. வீட்டில் உம்மாவிடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். “விடியச் சுபஹு தொழுதுட்டுப் போன மனிசன், எங்க எண்டு தெரியா” என்று பதில் வந்தது.

அதிகாரி வந்தார். மண்டபம் நிறைய ஆட்கள். எல்லா மேசையையும் நின்று பார்த்தார். சுழல் தண்ணீருக்கு முன்னால் நிறைய நேரம் நின்றார். “அருமையாகச் செய்திருக்கிறீர்கள். உண்மையாகவே அருமை” என்றார். பிறகு மெதுவாக, “ஆனால் வகுப்புக்குப் பிள்ளைகள்?” என்று கேட்டார். பூமணி டீச்சர் எங்களைப் பார்த்தார். நாங்கள் நிலத்தைப் பார்த்தோம். கூரையில்லாத மண்டபத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “நான் வருந்துகிறேன்...” என்று தொடங்கினார்.

வெளியே ட்ரக்டர் சத்தம் கேட்டது. நெல் ஏற்றுகிற ட்ரக்டருக்குப் பள்ளிக்கூட வாசலில் என்ன வேலை என்று எல்லோரும் திரும்பினோம். பின்னால் பூட்டியிருந்த பெட்டி நிறையப் பெண் பிள்ளைகள், அவர்களோடு அவர்களின் உம்மாமார், புழுதி படிந்த முக்காடுகளோடு. முன்னால் ட்ரக்டர் சில்லுக்கு மேல் கவிந்த மட்காட்டில், ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என் வாப்பா.

நடந்தது இதுதான். முந்தின நாள் வரிப்பத்தான்சேனையிலிருந்து தகரம் வாங்க வந்த ஒரு வயற்காரர் கடையில் தேத்தண்ணி குடித்திருக்கிறார். நெஞ்சிலிருந்த மூடியைப் பார்த்து, “இது என்ன காக்கா?” என்று கேட்டிருக்கிறார். வாப்பா கதையைச் சொல்லி முடித்ததும் அந்த மனிதர், “எங்கட ஊருலயும் படிக்கிற புள்ளயள் இரிக்கி. விஞ்ஞானம் படிக்க எங்க அனுப்புற எண்டு தெரியாம வீட்டோட வெச்சிருக்கம். என்ட மகளும் ஒருத்தி” என்றிருக்கிறார். “அப்ப நாளைக்கு நான் வாறன்” என்றாராம் வாப்பா. விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய், அந்த ஊரில் வீடு வீடாக ஏறி, நெஞ்சைக் காட்டிக் கதை சொல்லி, ட்ரக்டரில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். வருகிற வழியில் சம்மாந்துறையில் நிறுத்தி அங்கேயும் பிள்ளைகள் ஏறினார்கள். வீரமுனையில் கோயில் வாசலில் நின்று, “இது எங்க போகுது?” என்று கேட்ட ஒரு தகப்பன், பதிலைக் கேட்டுவிட்டுத் தன் மகள் கமலாவையும் ஏற்றிவிட்டிருக்கிறார்.

பெட்டியிலிருந்து முதலில் குதித்தவள் அந்த வயற்காரரின் மகள் ஹஸீனா. குதித்த வேகத்தில் பாவாடையைத் தட்டிக்கொண்டு, நேரே எங்களிடம் வந்து, “வகுப்பு எங்க?” என்று கேட்டாள். அந்த ஹஸீனாதான், மகன், நாளை மறுநாளிலிருந்து உனக்கு மாமி. அவள் எங்கள் வீட்டில் தங்கித்தான் படித்தாள். ஒரே சகன் தட்டில் கை வைத்துச் சாப்பிட்டவர்கள் நாங்கள். அவள் மகளை உனக்குக் கேட்டுப் போனபோது நான் அந்த வீட்டு வாசலில் தயங்கவே இல்லாததற்குக் காரணம் அதுதான். ருஸ்னா அந்த உம்மா வளர்த்த பிள்ளை. அவள் ஒரு காரியத்துக்குப் புறப்படும்போது “எங்க போறாய்?” என்று கேட்காதே, “நானும் வரவா?” என்று கேள்.

வாப்பா மட்காட்டிலிருந்து இறங்கினார். உடம்பெல்லாம் புழுதி. கூட்டம் விலகி வழி விட்டது. அதிகாரிக்கு முன்னால் வந்து நின்றார். எனக்குத் தெரியும், இப்போது வாய் ஒட்டிக்கொள்ளும் என்று. ஒரு கணம் ஒட்டத்தான் செய்தது. பிறகு அவர் தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு, மண்டபத்தின் கடைசி மூலைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: “சேர், புள்ளயள் வந்திரிக்கி. எண்ணிப் பாருங்க.”

அதிகாரி உண்மையாகவே விரலை நீட்டி எண்ணினார். எண்ண எண்ண அவர் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. எண்ணி முடித்துப் பூமணி டீச்சரிடம் திரும்பி, “வகுப்பைத் தொடங்குங்கள். ஆய்வுகூடத்துக்கு என்ன தேவையோ எழுதித் தாருங்கள்” என்றார். அந்த நேரம் எழுந்த சத்தம் இருக்கிறதே! சூறாவளிக்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சத்தம் போட்டுக் கேட்டதில்லை. நிஹாரா அழுதுகொண்டே என் முதுகில் குத்தினாள். ஹஸீனாவை நாங்கள் தூக்கிச் சுற்றினோம். கிளம்பும்போது அதிகாரி வாப்பாவின் நெஞ்சைக் காட்டி, “எனக்கு ஒன்று கிடையாதா?” என்று கேட்டார். வாப்பா இப்போது நன்றாகவே வாய் திறந்திருந்தார். “இது தர ஏலா சேர். மூடி கொண்டு வாங்க, செஞ்சி தருவாங்க” என்றார். அடுத்த தடவை அந்த மனிதர் வந்தபோது காற்சட்டைப் பையிலிருந்து ஒரு மூடியை எடுத்து மேசையில் வைத்தார். நிஹாரா செய்து கொடுத்தாள்.

கூரை போடும் வரைக்கும் நாங்கள் வெயிலில் படித்தோம், மழை வந்தால் கொப்பிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினோம். பிறகு தகரம் வந்தது, ஆய்வுகூடத்துக்குப் போத்தல்கள் வந்தன. உனக்குத் தெரியும், உன் உம்மா டாக்டராகவில்லை. இயற்பியல் ஆசிரியையாகத்தான் ஆனாள், அதுவும் அதே பாடசாலையில். நிஹாரா பொறியியல் படித்தாள். ஹஸீனாதான் வாப்பாவின் ஆசையை நிறைவேற்றினாள்.

முடிவுகள் வந்த அன்று நடந்ததைச் சொல்லி நிறுத்துகிறேன். எங்கள் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகள் தெரிவானார்கள் என்ற செய்தி வந்தபோது வாப்பா தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வீதிக்கு இறங்கினார். கொழும்புக்குப் புறப்பட்டு வந்த பஸ்ஸை நடுவீதியில் இரண்டு கையையும் விரித்து மறித்தார். சாரதி எட்டிப் பார்த்து, “என்ன காக்கா, ஆக்சிடன்டா?” என்று கத்தினார். “இல்ல மகன்! எங்கட புள்ளயள் பாஸ்! என்ட மகள், நிஹாரா, வரிப்பத்தான்சேனப் புள்ள ஹஸீனா, வீரமுனைக் கமலா, எல்லாரும் பாஸ்!” என்று வாப்பா கத்தினார். பிறகு பஸ்ஸைப் போகவிடாமல் நிறுத்தி வைத்து, ஜன்னல் ஜன்னலாகத் தேத்தண்ணி நீட்டினார். முன்பின் தெரியாத ஆட்கள், எந்த ஊருக்கோ போகிறவர்கள், குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பித் தரும்போது அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பின்னால் வாகனங்கள் நின்று ஹோர்ன் அடித்தன. அந்தச் சாரதிகளுக்கும் ஓடிப்போய் அதையே சொன்னார். நாங்கள் கடை வாசலில் நின்று வெட்கத்தாலும் சந்தோசத்தாலும் முகத்தை மூடிக்கொண்டோம். பஸ் புறப்பட்டபோது உள்ளேயிருந்தவர்கள் எல்லாரும் எங்களுக்குக் கை காட்டிக்கொண்டு போனார்கள்.

மகன், உன் பேட்ஜ் பெட்டியைத் தாராளமாகக் கொண்டு போ. நான் உனக்காகக் கேட்கிற துஆ ஒன்றுதான். உனக்கும் ருஸ்னாவுக்கும் அல்லாஹ், நடுவீதியில் இறங்கி ஒரு பஸ்ஸை மறிக்க வைக்கும் அளவுக்குச் சந்தோசமான ஒரு நாளைத் தரட்டும்.

உன் உம்மா